'கொடுத்தோம்' என்ற சொல்

சென்ற மாதம் இன்னொரு சிற்றிதழில் ஒரு பயணக் கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் போர்னியோத் தீவின் சரவாக் மாநிலத்துக்குப் போயிருக்கிறார். கூச்சிங்கில் துன் ஜுகா அறக்கட்டளையின் சிறிய அருங்காட்சியகத்தில் இபான் பழங்குடியினரின் நெசவையும் மணிவேலையையும் பார்த்திருக்கிறார். நல்ல கண் அவருக்கு. துணியின் சிவப்பைப் பற்றி அவர் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். ஆனால் கடைசிப் பத்தியில், நெசவும் சாயமும் மணியும் கடல் கடந்துபோன தமிழர் அவர்களுக்குக் கொடுத்தவை என்று முடிக்கிறார். சான்று ஒன்றுகூடத் தரவில்லை. அந்தக் 'கொடுத்தோம்' மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

தறியிலிருந்தே தொடங்குகிறேன். இபான் பெண்கள் நெய்யும் 'புவா கும்பு'வில், பாவு நூலை முதலில் கற்றை கற்றையாகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. கட்டை அவிழ்த்து நெய்யும்போது உருவம் எழும். தறியின் ஒரு முனை அசையாமல் கட்டியிருக்கும், மறுமுனை வாராக நெய்பவளின் இடுப்பைச் சுற்றியிருக்கும். அவள் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். எமனேஸ்வரத்து நெசவாளியோ குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்து நாடாவை ஓட்டுகிறார். இபான் பெண்கள் இஞ்சியும் உப்பும் எண்ணெயும் சேர்த்து நூலைப் பதப்படுத்துகிறார்கள். நம் சாயக்காரர்கள் கடுக்காயையும் படிகாரத்தையும் நம்பினார்கள். அவர்களுடைய சிவப்பு நுணா வேரிலிருந்து வருகிறது. நம் கரையின் பழைய சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. கற்றுக்கொடுத்தவர் தறியையும் பதத்தையும் வேரையும் விட்டுவிட்டு வேறு எதைக் கற்றுக்கொடுத்திருப்பார்?

நம் சரக்கு அங்கே போகவில்லை என்று சொல்ல வரவில்லை. சோழமண்டலத் துணியும் குஜராத்துப் பட்டோலாவும் தென்கிழக்காசியா முழுக்கப் போயின, அங்கே பல வீடுகளில் குலச்சொத்தாகவும் இருந்தன. கண்ணாடி மணிகளும் போயின. பீட்டர் பிரான்சிஸ் 'இந்தோ-பசிபிக் மணி' என்று பெயரிட்ட அந்தச் சிறு மணிகள் அரிக்கமேட்டிலும் ஈழத்து மாந்தையிலும் உருவாயின. மலாய்த் தீபகற்பத்தின் கோலா செலின்சிங்கிலும் உருவாயின என்பதை நம்மவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வைகை முகத்துவாரத்து அழகன்குளத்திலும் மணிகள் கிடைத்தன. ஆனால் எதுவும் சும்மா போகவில்லை. கோயிலில் தீர்த்தத்தில் போடும் பச்சைக் கற்பூரம் சுமத்ரா, போர்னியோக் காடுகளின் மரத்திலிருந்து கப்பலேறி வந்தது. அதை அவர்கள் நமக்குக் 'கொடுத்தார்கள்' என்று எந்தக் கட்டுரையிலாவது படித்திருக்கிறீர்களா? வாங்கியதும் விற்றதும் சமமாக நடந்த கடலில் ஒரு பக்கத்தை மட்டும் கொடையாளி ஆக்குவது வரலாறு ஆகாது.

1926இல் கல்கத்தாவில் 'பெரும் இந்தியா சங்கம்' தொடங்கியவர்கள் செய்ததும் இதுதான். கீழைத்தேசங்களெல்லாம் நம் குடியேற்றங்கள், அங்குள்ள கலையெல்லாம் நம் கலையின் கிளைகள் என்றார்கள். அந்தக் கருத்தை மறுத்து எழுதிய தலைமுறையிடம் படித்தவர்கள் நாம். அதே கருத்தைக் கடாரம் என்ற பெயரில் தமிழில் எழுதினால் மட்டும் அது எப்படிச் சரியாகிவிடும்?

கட்டுரையைப் படித்த வாரம் இராமநாதபுரம் போய், அரண்மனையில் இராமலிங்க விலாசத்தைத் திரும்பவும் பார்த்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய சுவர்கள் அவை. இராசராசேசுவரி சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள். ஐரோப்பியர் வந்து மன்னரைக் காண்கிறார்கள். இந்த முறை முகங்களை விட்டுவிட்டு உடைகளை மட்டும் பார்த்தேன். கரைகளையும் பூக்களையும் மெல்லிய துணியின் மடிப்புகளையும் ஓவியன் பொறுமையாக எழுதியிருக்கிறான். தறியை அறியாதவனால் அப்படி எழுத முடியாது. மன்னர் பெயர் நமக்குத் தெரியும். ஓவியன் யார், அந்தத் துணியை நெய்தவர் யார்? அழகன்குளத்தில் 1986 முதல் நடந்த அகழாய்வுகளில் தமிழிப் பெயர்கள் கீறிய பானை ஓடுகள் வந்தன. மணிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அதை உருட்டிய விரல் யாருடையது என்று எந்தக் குழியும் சொல்லாது.

இபான்களிடம் இது தலைகீழ். புவாவுக்கே தனிப் பெயர் உண்டு. உருவத்தைக் கனவில் கண்டு நெய்தவள் யார் என்பது பேத்திகளுக்குத் தெரியும். நூலைப் பதப்படுத்தும் சடங்கைப் 'பெண்களின் போர்' என்று சொல்வார்கள். அந்தப் பக்குவம் தெரிந்தவளுக்கு ஊரில் வீரனுக்குரிய மதிப்பு.

இங்கேதான் என் பழைய ஆசான் ஒருவரிடமிருந்து விலகுகிறேன். இருபது வயதில் ஆனந்த குமாரசுவாமியைப் படித்துக் கிறங்கியவன் நான். மரபுக் கலைஞன் தன் பெயரை முன்வைப்பதில்லை, அதுவே அவன் உயர்வு என்ற கருத்தை எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன்! இன்று அந்தக் கருத்து என்னை உறுத்துகிறது. பெயரற்ற நிலையை நெசவாளி தேர்ந்துகொண்டாரா, அல்லது பெயரை எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? மரபுக்குள் நின்றே பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்று சரவாக்கின் பெண்கள் காட்டுகிறார்கள்.

சாயவேரை நினைத்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாக் கரை மணலில் விளையும் சிறு செடி. வேர் ஆழமாக இறங்கும். குனிந்து குனிந்து தோண்டி, காயவைத்து, கட்டாகக் கட்டி விற்றார்கள். ஈழக் கரையில் ஒரு பிரிவினருக்கு 'வேர்குத்தி' என்பதே சாதியின் அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. வேலை பெயராயிற்று, ஆளின் பெயர் போயிற்று. 1868இல் ஜெர்மனியில் கிரேபும் லீபர்மானும் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். அந்த வேரில் இருந்த சிவப்பு ஆலையில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அத்தனை குடும்பங்களின் பிழைப்பும் போனது. வேதியியலார் இருவர் பெயரும் புத்தகத்தில் நிலைத்துவிட்டது.

மணிவேலை பார்க்கக் கூச்சிங்வரை போக வேண்டியதில்லை. இராமேசுவரம் அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களிடம் நில்லுங்கள். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே கோப்பார்கள். நிறங்களை அடுக்கும் கணக்கு விரலில் இருக்கிறது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆயிற்று. அவர்களுடைய கோர்வைகளுக்கு என்ன பெயர், யார் யாருக்குக் கற்றுத்தந்தார் என்று கேட்டு எழுதிய ஒரு கட்டுரையாவது நம் இதழ்களில் வந்திருக்கிறதா? இந்த இதழிலும் வரவில்லை. முப்பது ஆண்டுகளாக இதை நடத்தும் நான் அந்தத் தீர்த்தப் படிக்கட்டில் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன், கேட்டதில்லை.

இராமநாதபுரத்திலிருந்து திரும்பும் வழியில் எமனேஸ்வரத்தில் ஒரு வீட்டுத் தறியடியில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. வீட்டில் சௌராஷ்டிரம், என்னிடம் மதுரைத் தமிழ். நெய்தவர் பெயர் சேலையில் இருக்குமா என்று கேட்டேன்.

"சீட்டுல கடைப் பேரு இருக்கும்ணே. எம் பேரு எதுக்கு? ஆனா எங்கிட்டக் குடுத்தீங்கன்னா கரையத் தொட்டே சொல்லிருவேன், இது நான் நெஞ்சதுன்னு."

அடுத்த இதழின் அட்டையில் அவர் நெய்த சேலையின் முந்தானையைப் போடுகிறோம். ஓவியர் பெயர் வரும் இடத்தில் அவர் பெயர் வரும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நாடாவைக் கையில் வைத்தபடி யோசித்தார். பாவு ஓட்டியது வீட்டுக்காரர், தார் சுற்றியது மாமியார், முந்தானைக் கோலம் அவருடைய அப்பா சொல்லித்தந்தது. போட்டால் நாலு பேரையும் போட வேண்டும் என்றார். நாலும் வரும்.