மருந்தின் நான்காவது கூறு

“மூளையிலே ஒரு கட்டி தென்படுகின்றது” என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தே ஒரு குடும்பம் முழுவதும் நிலைகுலைந்து போகின்றது. தாய் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறாள். தந்தை காணியை ஈடு வைக்க ஆள் தேடுகிறார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது நடமாடுகின்றனர். நோயாளியிடம் மட்டும் எவரும் ஒன்றும் சொல்வதில்லை. அன்பினால் விளையும் இக்கலக்கத்தை நாம் குறை கூறோம். ஆயினும் கலக்கத்திலேயே நாட்கள் கழியுமாயின் தீங்கு நோயாளிக்கே என்பதை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

‘கட்டி’ என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. பலவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர். மூளையின் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோயன்று, மெல்ல வளர்வது. கிளையோபிளாஸ்ரோமா என்பதோ விரைந்து பரவும் கொடிய புற்று. நீர்க்கட்டிகளுள்ளும் இத்தகைய வேற்றுமை உண்டு. அரக்னோயிட் நீர்க்கட்டி பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. வேறு காரணத்துக்காகப் படம் எடுக்கும்போது தற்செயலாகக் காணப்படுவது. கொலோயிட் நீர்க்கட்டியோ உருவிற் சிறிதாயினும், மூளைநீர் செல்லும் வழியை அடைத்துத் திடீரென உயிருக்கே ஆபத்தை விளைவிக்கவல்லது. மண்டையோடு மூடிய பெட்டி போன்றது. அதனுள்ளே சாதுவான கட்டியும் இருக்குமிடத்தால் கொடியதாகலாம். ஆகவே வகையும் இடமும் அறியுமுன் அழுது சோர்வதும் தவறு. “சிறிய கட்டிதானே” என வாளாவிருப்பதும் தவறு.

எம்மிடம் கற்ற ஒருவருக்குத் தலைவலிக்காக எடுத்த படத்தில் நீர்க்கட்டியொன்று காணப்பட்டது. வீட்டார் மூன்று கிழமைகளாக அயலவரை வினவினர், சோதிடரை வினவினர், கைத்தொலைபேசியில் தேடித் தேடி அஞ்சினர். நிபுணரை மட்டும் வினவவில்லை. இறுதியில் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைப் பார்த்து, அது அரக்னோயிட் நீர்க்கட்டி என்றும், தலைவலிக்கு அது காரணமன்று என்றும், சில காலத்தின் பின் மீண்டும் படம் எடுத்துப் பார்த்தாற் போதும் என்றும் கூறினார். இழந்தது மூன்று கிழமை உறக்கம் மாத்திரமே. அதுவே கொலோயிட் நீர்க்கட்டியாக இருந்திருப்பின் அத்தாமதம் உயிரையே கொண்டுபோயிருக்கக்கூடும்.

தலையைத் திறவாமலே உள்ளிருப்பதைக் காணும் பேறு மனிதனுக்குக் கிட்டி நெடுங்காலம் ஆகவில்லை. 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி, இலண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியிலிருந்த அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், சி.ரி. கருவியால் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. அப்பெண்மணியின் மூளையின் முற்பகுதியிலிருந்த கட்டி படத்திலே தெளிவாகத் தெரிந்தது. கருவியை ஆக்கிய கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் பல்கலைக்கழகப் பட்டம் பெறாத பொறியியலாளர் என்பதையும், 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை அலன் கோமக்குடன் பகிர்ந்துகொண்டவர் என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்க. இன்று எம்.ஆர்.ஐ. படம் இன்னும் நுணுக்கமாகக் காட்டுகின்றது. ஆயினும் படம் தானே பேசாது. அதைப் படித்துணர நிபுணர் வேண்டும்.

அந்நிபுணரைத் தேடுவதற்குக் காணியை ஈடு வைக்க வேண்டுவதில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. உள்ளூர் வைத்தியரிடம் கடிதம் பெற்றுச் செல்லலாம். கடல் கடந்து வேலூருக்குச் செல்ல விழைவோரும் உளர். 1949இல் ஜேக்கப் சாண்டி அங்கே தொடக்கிய பிரிவு புகழ்பெற்றது. ஆயினும் முதலில் இங்குள்ள நிபுணரின் கருத்தை அறிந்த பின்னரே பயணத்தைப் பற்றி எண்ணுதல் நன்று. எங்கு சென்றாலும் அறிக்கையை மட்டுமன்றிப் படங்களையும் அல்லது அவை பதிந்த இறுவட்டையும் உடன் கொண்டு செல்க.

கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. கட்டி எவ்விடத்தில் உள்ளது? எத்தனை மில்லிமீற்றர்? எவ்வகையென ஐயுறுகிறீர்கள்? எதையேனும் அழுத்துகின்றதா? காத்திருந்து பார்க்கலாமா, அன்றிச் சத்திரசிகிச்சை வேண்டுமா? ஒவ்வொன்றிலும் உள்ள ஆபத்து யாது? இன்னொரு நிபுணரின் கருத்தை நாடுவது அவமதிப்பன்று. நல்ல வைத்தியர் அதனைத் தவறாகக் கொள்ளார். வலிப்புக்கோ வீக்கத்துக்கோ தந்த மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் ஆகாது. கடுந்தலைவலியுடன் வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கைகால் சோர்வு, மிகுந்த உறக்கமயக்கம் என்பன தோன்றின் குறித்த நாள்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நான்காவது கூறு நாமே. அஞ்சி மறைப்பவன் பேணுவோன் ஆகான். நோயாளியின் கையைப் பற்றி, அறிந்ததை அறிந்தவாறு, அவர் தாங்குமளவுக்கு மெல்ல எடுத்துரைத்து, “நாளை நிபுணரிடம் நாம் சேர்ந்தே போவோம்” என்று சொல்லுங்கள். அச்சொல்லும் மருந்தே.