திராட்சைத் தோட்டத்துக் கூலி

சுருளிப்பட்டிப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் திராட்சைப் பந்தல் என்றால் என்னவென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை அங்கேதான் விளைகிறது. அந்த ரகத்தை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டிற்குக் கொண்டு வந்தார் என்பதாகச் சொல்லப்படுகிறது. பாதிரியார் கொண்டு வந்த கொடி நன்றாகவே காய்க்கிறது. அதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் பாதிரிமார்கள் கொண்டு வந்த திராட்சைத் தோட்டக் கதை ஒன்றும் இருக்கிறது. அது இந்நாட்டில் என்ன காய்த்தது என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் உள்ள கதை அது. தோட்டக்காரன் ஒருவன் விடியற்காலையில் சந்தைக்குப் போய், நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று பேசி ஆள் அழைக்கிறான். பிறகு ஒன்பது மணிக்கும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும், கடைசியாகப் பொழுது சாய ஐந்து மணிக்கும் போய் ஆள் அழைக்கிறான். அந்தியில் எல்லோருக்கும் ஒரே காசு கொடுக்கிறான். காலையில் வந்தவன் முணுமுணுக்கிறான். ‘பேசின கூலியை வாங்கிக்கொண்டு போ; என் பணத்தை என் இஷ்டப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா?’ என்ற கருத்தில் முதலாளி பதில் சொல்லி அவனை அனுப்பிவிடுகிறான்.

கத்தோலிக்கக் கோயில்களில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இக்கதை ஞாயிறு பூசையில் வாசிக்கப்படுகிறது. 2023 செப்டம்பரில் வாசிக்கப்பட்டது. அதற்கடுத்த முறை 2026 செப்டம்பர். பிரசங்கத்தில் பெரும்பாலும் சொல்லப்படும் வியாக்கியானம் என்னவென்றால், தோட்டக்காரன் கடவுள், காசு மோட்சம், கடைசியில் மனந்திரும்பினவனுக்கும் அதே மோட்சம் உண்டு, ஆகையால் பொறாமைப்படாதே என்பதாகும். அதே நாளில் ஏசாயாவிலிருந்து, கடவுளின் எண்ணம் மனிதனின் எண்ணத்தைவிட வெகு உயரமானது என்ற பகுதியும் வாசிக்கப்படுகிறது. அதாவது, கேள்வி பிறக்கும் முன்பே வாய்ப்பூட்டு தயார்!

நிற்க. இக்கதையைப் பாதிரியாரின் கண்ணால் பார்க்காமல் கூலிக்காரனின் கண்ணால் பார்ப்போம். நமது பள்ளத்தாக்கில் விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ரோட்டோரம் நின்று, ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறி ஏலத்தோட்டத்திற்குப் போகும் பெண்களைக் கேளுங்கள். ஐந்து மணி வரையில் சந்தையில் நின்றவன் சோம்பேறியல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். ‘எங்களை யாரும் அழைக்கவில்லை’ என்றுதான் கதையில் அவனும் சொல்லுகிறான். வேலை கிடைக்காதவனுக்கும் வயிறு அதே அளவுதான்; அவன் வீட்டுப் பிள்ளைக்கும் பசி அதே பசிதான். ஆகவே ஒரு நாள் பிழைப்புக்கு வேண்டியதை எல்லோருக்கும் கொடுப்பது என்பது நாஸ்திகனும் ஒப்புக்கொள்ளக்கூடிய நியாயமே. இங்கிலாந்தில் ரஸ்கின் என்பவர் 1860-இல் இக்கதையிலிருந்தே தலைப்பெடுத்து முதலாளிகளின் பொருளாதாரத்தைச் சாடினார். 1904-இல் தென்னாப்பிரிக்காவில் அதை ரயிலில் படித்த காந்தியார் தமது வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டார்.

ஆனால் விஷம் இருப்பது முதலாளியின் பதிலில். ‘என் பணம், என் இஷ்டம்’ என்பவன் இன்று கொடுப்பான். நாளைக்கு இஷ்டமில்லையென்றால் கொடுக்கமாட்டான். அப்போது என்ன செய்வது? நியாயம் என்பது எஜமானின் தயவானால், தொழிலாளி என்றைக்கும் கை நீட்டி நிற்க வேண்டியவன்தானே! கூலியை ‘கிருபை’ என்று சொல்லிக் கொடுப்பதைக்காட்டிலும் உரிமை என்று ஒப்புக்கொண்டு கொடுப்பதல்லவா மனிதத்தன்மை?

போகட்டும், கடைசியில் வந்தவனுக்கும் சமபங்கு என்று பிரசங்கம் செய்பவர்கள் தங்கள் கோயிலுக்குள்ளாவது அதை நடத்தினார்களா? 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி சந்நியாசி வேஷம் பூண்டு, உயர்ந்த சாதியாரோடு மாத்திரம் பழகி மதம் பரப்பினார். மதம் மாறினவர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள 1623-இல் போப்பே அனுமதி கொடுத்தார். ஏசு வந்தார், பூணூல் போகவில்லை! வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. தனி இடம் வேண்டுமென்று உயர்நீதிமன்றம் வரையில் வழக்காடினவர்களும் கிறிஸ்தவர்களே. எறையூரில் 2008 மார்ச்சில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் தனிப் பங்கும் சம மரியாதையும் கேட்டதன்பேரில் கலவரம் உண்டாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். சாதி வேற்றுமை கிறிஸ்தவத்திற்கு விரோதமென்று 2003-இல் போப் இரண்டாம் ஜான்பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே சொன்னார். சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016-இல் இந்திய ஆயர்கள் தாங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட யோக்கியப் பொறுப்பைப் பாராட்டுகிறோம். ஆனால் மோட்சத்தில் ஒரே காசு, கல்லறையில் இரண்டு வரிசை என்றால் அந்தக் காசு செல்லாக் காசல்லவா?

இதைப் படித்துவிட்டு இந்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம். அந்தச் சுவருக்குச் செங்கல் எந்தச் சூளையில் அறுக்கப்பட்டது? நம் வீட்டுச் சரக்கைத்தான் அவர்கள் சிலுவை போட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம கூலி என்று 1976-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் பக்கத்துக் காட்டிலும் தோட்டத்திலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது இன்னும் ஒழிந்தபாடில்லை. விபூதி பூசிய முதலாளியும், சிலுவை போட்ட முதலாளியும், தொப்பி வைத்த முதலாளியும் இதில் மாத்திரம் ஒரே மதம்!

ஆகவே கத்தோலிக்கத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். அடுத்த முறை இக்கதை வாசிக்கப்படும்போது எழுந்து நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பூசை முடிந்ததும் பாதிரியாரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: ‘சுவாமி, மோட்சத்துக் கணக்கு இருக்கட்டும், சனிக்கிழமைச் சம்பளத்தில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த ஒரே காசு எப்போது? கல்லறையில் ஒரே வரிசை எப்போது?’ அவர் கூட வந்து நின்று போராடுவாரானால், அவர் கடவுள் உண்டென்றாலும் சரி, நாம் அவர் பக்கத்தில் நிற்கத் தயார். கடவுளின் எண்ணம் உயரமானது என்று மேலே கையைக் காட்டுவாரானால், நீங்கள் கீழே இருக்கிற உங்கள் கூலியைப் பாருங்கள்.