இரவல் பரண்

சிற்றிதழ்களை ஸ்கேன் செய்தாயிற்று, கைப்பிரதிகளைப் படம்பிடித்தாயிற்று, எல்லாம் ‘மேகத்தில்’ பத்திரமாக இருக்கின்றன என்றொரு நிம்மதி இலக்கிய நண்பர்களிடையே பரவியிருக்கிறது. அதைக் குலைப்பதே எங்கள் நோக்கம். மேகம் என்பது அழகான சொல்தான். ஆனால் அங்கே நமக்கிருப்பது யாரோ ஒருவர் கணினியில் இரவலாகக் கிடைத்த பரண்.

தமிழின் தொடக்ககால இணையப் பக்கங்கள் பல ஜியோசிட்டீஸில் இருந்தன. 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியபோது, ஆர்வலர்கள் அவசர அவசரமாகப் படியெடுத்தவை மட்டுமே பிழைத்தன. அது பழங்கதை என்பீர்கள். இரண்டாண்டுகள் எவரும் நுழையாத தனிநபர் கணக்கை, உள்ளிருக்கும் கோப்புகளோடு அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல். தொகுக்கப்படாத அவர் எழுத்துகள் ‘அன்னை இட்ட தீ’யாக வெளிவந்தது 1998இல். ஐம்பது ஆண்டுகள் காகிதம் காத்திருந்தது. இன்று மறையும் எழுத்தாளனின் கோப்புகளுக்கு வாய்த்திருப்பது இரண்டே ஆண்டுகள்! வாரிசை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி உண்டுதான்; நம்மில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறோம்?

ஒதுக்கிப்போட்ட ஒரு மடிக்கணினி போதும். நான்கு ஜிபி நினைவகம் இருந்தால் தாராளம். அதன் மின்கலம் உயிரோடிருந்தால் மின்வெட்டுக்கும் தாங்கும். அதில் டெபியன் லினக்ஸை நிறுவி, அதன்மேல் நெக்ஸ்ட்கிளவுட் என்னும் கட்டற்ற மென்பொருளை ஏற்றினால் வீட்டிலேயே ஒரு வழங்கி தயார். கைபேசியில் எடுத்த படங்கள் தாமாகவே அங்கு போய்ச்சேரும். எங்களுக்கு இதில் மிகப் பிடித்தது வேறொன்று: மறையாக்கத்தை நாமாக இயக்காதவரை, கோப்புகள் அவரவர் பெயரிலான அடைவில் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கும். வழங்கி செத்தாலும், வன்தட்டைக் கழற்றி இன்னொரு லினக்ஸ் கணினியில் செருகிப் படித்துவிடலாம்.

‘இதெல்லாம் பொறியாளர் வேலை’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்கியில் தட்டச்சிட்டு, எழுத்துருவோடு மல்லுக்கட்டி, பிறகு அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றியவர்கள் இதே இலக்கியவாசகர்கள்தாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவிடத் தயங்குவது சோம்பலே அன்றி இயலாமை அல்ல.

உண்மையான இடர்கள் வேறு. இந்திய அகலப்பட்டை இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், வெளியூரிலிருந்து வழங்கியை நேரடியாக அணுக முடியாது. அணுக வேண்டியதில்லை என்பதே எங்கள் கட்சி. மாதக்கணக்கில் மேம்படுத்தாத வழங்கியை இணையத்துக்குத் திறந்துவிடுவது, வாசலைத் திறந்துபோட்டு உறங்குவதற்குச் சமம். வீட்டு வைஃபைக்குள் மட்டும் இயங்கட்டும். வீடு திரும்பியதும் கோப்புகள் ஒத்திசைந்துகொள்ளும். வன்தட்டும் ஒருநாள் பழுதாகும். ஆகவே இரண்டாவது வன்தட்டில் வாரம் ஒருமுறை படியெடுத்து, வேறொரு நண்பர் வீட்டில் வைக்க வேண்டும். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில், வீட்டார் எடுக்கும்படி வையுங்கள்.