ஜெயிலையும் பாட்டாக்கிச் சிரிக்க வைத்த கலைவாணர்!

ஒரு சிரிப்பு நடிகருக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. இரண்டு வருடங்களுக்கு மேல் சிறை. பிறகு விடுதலையாகி வருகிறார். இனி அவரைத் திரையில் பார்த்தால் ஜனங்களுக்குச் சிரிப்பு வருமா? 1947-ல் இப்படியொரு சோதனை வந்தது கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு.

நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தவர் கிருஷ்ணன். வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையனுக்குக் கண்ணெல்லாம் மேடை மீதுதான். வில்லுப்பாட்டு கைகொடுக்க, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பாட்டு வராதவர் மேடையில் பிழைப்பதே கஷ்டம் என்ற காலம் அது. கிருஷ்ணனுக்கோ பாட்டும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

1935-ல் `மேனகா', 1936-ல் `சதிலீலாவதி' எனத் திரைக்கு வந்தார். `வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே போன பயணத்தில்தான் டி.ஏ.மதுரம் அறிமுகமானார். படத்திலும் வாழ்க்கையிலும் இருவரும் ஜோடியானார்கள்.

ஹீரோவும் ஹீரோயினும் ஒரு கதையில் உருகிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் தனிக் கதை ஒன்றில் பாடி, ஆடி, சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் காமெடிப் பகுதியைக் கிருஷ்ணனே தன் குழுவை வைத்து உருவாக்கிக் கொடுப்பார். `காமெடி டிராக்' என்று இன்று நாம் சொல்வது அப்போதே அவர் கையில் ஒரு தனித் தொழிலாக இருந்தது.

எல்லாம் உச்சத்தில் இருந்தபோது விழுந்தது அடி. 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன பிறகு வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

அதுவரை குழுவைக் கலையவிடாமல் காத்தவர் மதுரம். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். அவர்கள் போட்ட `பைத்தியக்காரன்' நாடகம் படமாக வளர்ந்தது. எடுத்து முடிப்பதற்குள் கிருஷ்ணன் வெளியே வந்துவிட, அவருக்காகவே காட்சிகள் சேர்க்கப்பட்டன. அதில் அவர் என்ன செய்தார் தெரியுமா? சிறை வாழ்க்கையைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடினார்! ஊர் முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு முன், தானே முன்வந்து பாடிவிட்டார்.

1949-ல் அண்ணா கதை, வசனம் எழுதிய `நல்லதம்பி' வந்தது. நந்தனார் சரித்திரத்தை மாற்றிப் போட்டு, அதில் `கிந்தனார்' காலட்சேபம் செய்தார் கிருஷ்ணன். நந்தன் போக ஆசைப்பட்டது கோயிலுக்கு. கிந்தன் போக ஆசைப்பட்டது பள்ளிக்கூடத்துக்கு. தியேட்டரே சிரித்தது. சிரித்தபடியே, சாதியின் பெயரால் யாருக்கெல்லாம் பள்ளிக் கதவு மூடியிருக்கிறது என்றும் யோசித்தது.

தொடர்ந்து `மணமகள்', `பணம்' படங்களை இயக்கினார். அவரோடு விடுதலையான பாகவதருக்கோ பழைய வெற்றி திரும்பவே இல்லை. பாகவதரின் ரசிகர்கள் பார்க்க வந்தது ஒரு ராஜகுமாரனை. கிருஷ்ணன் எப்போதும் தங்களில் ஒருவராகவே ஜனங்களுக்குத் தெரிந்தார். தங்களில் ஒருவர் கஷ்டப்பட்டு வந்தால் ஜனங்கள் ஒதுக்கிவிடுவதில்லை.

1957 ஆகஸ்ட் 30 அன்று, 50 வயதைக்கூடத் தொடாமல் கலைவாணர் மறைந்தார். சென்னையில் அவர் பெயரில் இருக்கும் கலைவாணர் அரங்கத்தில்தான் கொரோனா காலத்தில் தமிழக சட்டமன்றமே கூடியது. வாதப் பிரதிவாதங்களை அவர் கேட்டிருந்தால், அதற்கும் ஒரு பாட்டு கட்டியிருப்பார்!