ஈரத் தானியமும் வெள்ளையடித்த சுவரும்



வீடு விற்க நினைப்பவருக்கு நாலாபுறமிருந்தும் அறிவுரைகள் வந்து குவிகின்றன. வெள்ளையடியுங்கள், பழைய தட்டுமுட்டுச் சாமான்களை அகற்றுங்கள், எல்லா விளக்குகளையும் எரியவிடுங்கள், வருபவர் கண்ணுக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போக வேண்டும் என்கிறார்கள். இவற்றில் தவறேதும் இல்லை. தூய்மையை ஈமானின் பாதியாகக் கற்றுக்கொண்ட சமுதாயம் நாம். விற்கும் பொருளைத் துடைத்து, அழகுபடுத்தி, வாங்குபவர் முன் வைப்பது வணிகத்தின் ஒழுக்கங்களில் ஒன்றுதான். ஆனால் அழகுபடுத்துதல் எந்த இடத்தில் முடிகிறது, மறைத்தல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? அண்மையில் இக்கேள்வி எமது வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

எமது தந்தையார் வஃபாத்தான பின்னர், அவர்கள் விட்டுச்சென்ற வீட்டை விற்று மீராஸைப் பங்கிட வேண்டியிருந்தது. தாயார் முன்னரே மறைந்துவிட்டார்கள். வாரிசுகள் சகோதரர் இருவர், சகோதரியர் இருவர். கடற்கரையோர ஊரில் உள்ள பழைய செங்கல் வீடு அது. உள்ளறையின் வடக்குச் சுவரில் ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் இடுப்பளவுக்கு ஓதம் ஏறும். மழை ஓய்ந்ததும் சுண்ணாம்பு பொரிந்து, உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிரும். சிறுவயது முதலே எமக்குப் பழக்கமான சுவர் அது.

வீட்டைப் பார்க்க வந்த தரகர் அனுபவசாலி. சுவரைத் தட்டிப் பார்த்தார், சிரித்தார். "இது ஒரு பெரிய விஷயமே இல்லை ஹஜ்ரத். மாசி பிறக்கட்டும், நன்றாகக் காய்ந்துவிடும். சுரண்டிப் பட்டி பார்த்து இரண்டு கோட் பெயிண்ட் அடித்துவிடுவோம். பீரோவை அந்தச் சுவரோரம் தள்ளிவைத்துவிடுங்கள். கொஞ்சம் சாம்பிராணி போட்டால் வாடையும் தெரியாது. பங்குனியில் ஆள் கூட்டி வருகிறேன். எல்லாரும் செய்வதுதான்" என்றார்.

அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொன்னபோது எமது உள்ளம் உடனே மறுத்துவிடவில்லை என்பதைச் சொல்வதற்காகவே குறிப்பிடுகிறோம். இளைய சகோதரியின் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். எல்லாரும் அந்தத் தொகையை எதிர்பார்த்திருந்தார்கள். 'நாம் பொய் எதுவும் சொல்லப்போவதில்லையே, வெள்ளைதானே அடிக்கிறோம்' என்று நஃப்ஸ் வாதாடியது.

அன்று மாலை மதரஸாவில் மாணவர்களுக்கு வியாபாரம் பற்றிய பாடம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சி, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருப்பது, அப்பாடத்தில் வந்தது. பல ஆண்டுகளாக நாம் நடத்திவரும் பாடம் அது. ஆனால் அந்த வியாபாரி சொன்ன பதிலை அன்றுதான் ஊன்றிக் கவனித்தோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அது பொய்யன்று. அவர் தண்ணீர் தெளித்து எடை கூட்டவில்லை. மழை அவர் கையில் இல்லை. நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவும் இல்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்றுதான் கேட்கப்பட்டது. அதன் பின்னரே, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கடுமையான எச்சரிக்கை வந்தது.

ஆக, குறை இருப்பது குற்றமன்று. குறையை அடியில் வைத்து நிறையை மேலே பரப்புவதே குற்றம். எமது சுவரில் ஓதம் ஏறியதற்கு நாம் பொறுப்பல்லோம். நிலமும் நீரும் செய்த வேலை அது. பீரோவை நகர்த்துவது மட்டும் எமது கைகளின் வேலையாக இருந்திருக்கும்.

வாயால் பொய் சொல்லவில்லை என்ற சமாதானமும் ஷரீஅத்தின் முன் நிற்காது. ஆட்டின் அல்லது ஒட்டகத்தின் மடியை இரண்டொரு நாள் கறக்காமல் விட்டு, பால் பெருகியதுபோல் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விற்பவர் அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை, மடிதான் பேசியது. அப்படி ஏமாந்து வாங்கியவர் அதை வைத்துக்கொள்ளலாம், அல்லது கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்றும் வழிகாட்டினார்கள். ஃபிக்ஹு நூல்கள் இதைத் 'தஸ்ரியா' என்ற பெயரில் விளக்குகின்றன. ஓதச் சுவரின் மீது பட்டி பார்ப்பதும், வீடு காட்டும் நாளில் லாரித் தண்ணீரால் தொட்டியை நிரப்பி, குழாயில் நீர் பீறிடச் செய்வதும், விரிசலின் மீது காலண்டர் மாட்டுவதும் இக்காலத் தஸ்ரியா அன்றி வேறென்ன?

"வாங்குபவருக்குக் கண் இல்லையா? நன்றாகப் பார்த்து வாங்கட்டுமே" என்பர் சிலர். நமது ஊர்களில் வீடு வாங்குபவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில், மகளுக்கென ஒரு வீடு தேடும் தந்தை. விடுப்புக் கிடைக்காமல், மைத்துனர் கையிலுள்ள கைப்பேசியின் வீடியோ அழைப்பில் வீட்டைப் பார்ப்பவர். குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க அவரால் இயலாது. நாம் காட்டுவதே அவருக்குக் காட்சி. பார்க்க முடியாதவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறாரோ, அவ்வளவுக்குச் சொல்லும் கடமை நம்மீது கூடுகிறது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுகொள்ள இயலாததுமான முக்கியக் குறையை வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை என்கிறது. இக்கடமை கட்டடத்தின் குறைக்கும் உண்டு, பத்திரத்தின் குறைக்கும் உண்டு. ஷரீஅத்தில், விற்பனைக்கு முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு. இதுவே 'கியாறுல் ஐப்'. பத்திரம் பதிவானதோடு கணக்கு முடிந்துவிடுகிறது என்று எண்ணுவோர் இரு சட்டங்களையும் அறியாதவர்களே.

எனவே, விற்பனைக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி என்று கேட்போருக்கு எமது கருத்தைச் சொல்கிறோம்.

முதலில் தயார் செய்ய வேண்டியது சுவரையன்று, பங்கை. வாரிசுகள் அனைவரும் மனமொப்பினார்களா என்று பாருங்கள். 'கையெழுத்துப் போடம்மா, அப்புறம் பார்த்துக்கொள்வோம்' என்று சகோதரியரிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிவிட்டு, பிறகு மறந்துபோகும் வழக்கம் நம்மிடையே உண்டு. அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் வகுத்த பங்கை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வெள்ளையடிப்பதில் என்ன பயன்? தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்துவரி ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். அடமானம், வழக்கு, பாதைத் தகராறு இருப்பின் அவற்றையும் அக்கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

இரண்டாவது, அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். வீட்டில் உடன்பங்கு உள்ளவருக்கே ஷுஃப்ஆ உரிமை என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஒட்டிய அண்டை வீட்டாருக்கும் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபு. சட்டம் எதுவாயினும் பண்பு ஒன்றே. அபூராஃபிஉ (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் உள்ளது. அவர்களுக்கு வெளியார் ஐந்நூறு தீனார் தர முன்வந்திருந்தார்கள். அப்படியிருந்தும், அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்த காரணத்தால், தம் இடத்தை ஸஅத் (ரலி) அவர்களுக்கு நாலாயிரம் திர்ஹத்துக்கு, அதுவும் தவணையில், கொடுத்தார்கள்.

மூன்றாவது, தாராளமாகச் சுத்தம் செய்யுங்கள். ஒட்டடை அடியுங்கள், தொட்டியைக் கழுவுங்கள், ஒழுகும் குழாயை மாற்றுங்கள், ஜன்னல்களைத் திறந்து காற்றும் வெளிச்சமும் வரவிடுங்கள். பழுதை நீக்க முடிந்தால் நீக்குங்கள். நீக்கிய பின்னும் 'இங்கே இப்படி இருந்தது, இன்ன வேலை செய்தோம்' என்று சொல்லுங்கள். நீக்க இயலாததைத் திறந்து வையுங்கள். எதைச் சொல்ல வேண்டும், எது சொல்லத் தேவையற்றது என்ற ஐயம் எழுமானால் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வாங்கியவர் குடிவந்த பின், முதல் மழையிலோ முதல் கோடையிலோ எது தெரியவந்தால் 'இதை முன்பே சொல்லியிருக்கலாமே' என்று வருந்துவாரோ, அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, குறைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல் தரகரின் வழியாகப் போகும்போது பாதி உதிர்ந்துவிடும். தரகர்களும், விவரம் அறிந்த மஹல்லாவாசிகளும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குறையை அறிந்த மூன்றாம் மனிதரும் சொல்லக் கடமைப்பட்டவரே என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம். ஒட்டகம் வாங்கிச் சென்றவரின் பின்னால் போய், அதன் குளம்பிலிருந்த குறையைத் தெரிவித்த வாஸிலா (ரலி) அவர்கள் அதை விற்றவர் அல்லர், அங்கே நின்றிருந்தவர்.

இனி எமது வீட்டின் கதை. கொத்தனாரை அழைத்துக் காட்டினோம். அக்காலத்து அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாததால் நிலத்து ஈரம் செங்கல் வழியே மேலேறுகிறது, மேலே பெயிண்ட் அடித்தால் அடுத்த மழையில் கொப்புளித்துவிடும், பழைய பூச்சை உரித்து அடியில் தடுப்பு இட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்றார் அவர். அவ்வேலைக்கு எம்மிடம் பணம் இல்லை. எனவே பீரோவை நகர்த்தாமல், சுவரை இருந்தபடியே வைத்தோம். வீடியோவில் அதன் உதிர்ந்த பகுதியையும் அருகில் சென்று காட்டச் சொன்னோம்.

முதலில் வந்தவர் விலகிவிட்டார். தரகர் எம்மோடு சில வாரங்கள் பேசவில்லை. அடுத்து வந்தவர் கேட்ட விலையில் மூன்று இலட்சம் குறைத்தார். ஆறு பங்காகப் பிரியும் மீராஸில் பங்குக்கு ஐம்பதாயிரம் குறைவு. சகோதரர் இருவருக்கும் ஒவ்வோர் இலட்சம், சகோதரியருக்கு ஐம்பதாயிரம் வீதம். இங்கேதான் எமக்கு உண்மையான தயக்கம் ஏற்பட்டது. நமது பங்கில் நாம் விட்டுக்கொடுக்கலாம். பிறர் பங்கைக் குறைக்க நாம் யார்? எனவே நால்வரும் கூடிப் பேசினோம். சிந்தித்தபோது ஒன்று தெளிவாயிற்று. மறைத்தால் மட்டுமே கிடைக்கக்கூடிய அந்த மூன்று இலட்சம் தந்தையார் விட்டுச்சென்ற சொத்தில் சேராது. அவர்கள் விட்டுச்சென்றது ஓதச் சுவருடன் கூடிய வீட்டைத்தான். அதற்கு மேற்பட்டது வாங்குபவரின் பணம். அதில் நமக்குப் பங்கு ஏது?

தம்பிக்கு மனக்குறை இருந்தது. இன்றும் சிறிது உண்டு. நிக்காஹ் செலவை நினைத்துக் கலங்கியிருந்த இளைய சகோதரி தலைகுனிந்திருந்தார். பின்னர் அவர்தான் சொன்னார்: "அந்தச் சுவரோரம்தான் வாப்பா கடைசி வரைக்கும் படுத்திருந்தாங்க. அதை மறைச்சு வித்த காசுல என் புள்ளைக்கு நகை வேண்டாம் காக்கா." நகையில் சில பவுன் குறைத்துத்தான் அந்த நிக்காஹ் நடந்தது.

உண்மை சொன்னதால் பின்னர் இரட்டிப்பாகக் கிடைத்தது என்று எழுத எமக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்ததாக எழுதினால் அதுவும் ஒரு வெள்ளையடிப்பே. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் அருளப்படும், மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழி தொகையின் கூடுதலைப் பற்றிப் பேசவில்லை. பரக்கத் என்பது எண்ணிக்கையன்று. ஐப்பசி மழை பெய்யும் இரவில், அந்த வீட்டில் படுத்திருப்பவரை நினைத்து விழித்துக்கொள்ளாமல் உறங்க முடிவதும் பரக்கத்தே. வீட்டை வாங்கியவரை ஜும்ஆவில் காணும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஸலாம் சொல்ல முடிவதும் அவ்வாறே.

வீட்டை அழகுபடுத்துங்கள், சகோதரர்களே. ஆனால் ஈரத் தானியத்தை மேலே வையுங்கள். நமது கொடுக்கல் வாங்கல்களில் உண்மையையும், நமது பொருளில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.