சஸ்பென்ஸில் சிக்கிய லாரி!

பி.காம். படித்தவனுக்குப் பெண் கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் ரூல் எழுதும் வேலையை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடக் கூடாது. அனுபவஸ்தன் சொல்கிறேன்!

ராயபுரத்தில், துறைமுகத்துக்கு கன்டெய்னர் அனுப்பும் ஒரு கம்பெனியில் அப்போது எனக்குக் கணக்கு வேலை. அந்தக் காலத்து குமாஸ்தா, பில்லைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, யோசித்துப் பேரேட்டில் எழுதுவார். இப்போது பில்லைத் தட்டினால் போதும். 'லாரி வாடகையா? செலவில் பற்று, லாரிக்காரர் கணக்கில் வரவு' என்று முன்பே எழுதிவைத்த விதிப்படி, சாஃப்ட்வேரே துணைப் பேரேட்டில் போட்டு, பொதுப் பேரேட்டுக்கும் அனுப்பிவிடும். 2007-ல் வந்த ஆரக்கிள் ரிலீஸ் 12-ல் 'சப்லெட்ஜர் அக்கவுண்டிங்' என்று இதற்குத் தனிப் பகுதியே உண்டு.

எங்கள் ஆபீஸில் விதி எழுதியவன் அடியேன். ஒருநாள் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்கும் அவசரத்தில், 'கன்டெய்னர் நம்பர் இல்லாத பில்லெல்லாம் சஸ்பென்ஸ் கணக்குக்குப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று எழுதிவிட்டு ஓடினேன். 'அப்புறம்' வரவேயில்லை.

வந்தவர் ஒரு டிரெய்லர்காரர். சொந்த வண்டி, கடனில் ஓடுவது.

"மூணு மாசமா ஹால்டிங் பில்லு வர்ல சார். டியூ கட்லன்னா வண்டிய தூக்கினு பூடுவான்."

மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். "நீங்களே பாருங்கண்ணே, பாக்கி ஜீரோ!"

"அந்தப் பொட்டிக்கு இன்னா சார் தெரியும்? ராத்திரி பூரா கேட்டாண்ட நின்னது நானு."

சுருக்கென்றது. எங்கள் ஹெட் கிளார்க் பெரியவரிடம் போனேன்.

"ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆச்சாப்பா?"

"பைசா சுத்தமா, சார்!"

"அதை வெச்சு சந்தோஷப்படாதே. தப்பான ஆள் கணக்குல எழுதினாலும் பற்றும் வரவும் சமமாத்தான் நிக்கும். 1494-ல பசியோலி புஸ்தகம் போட்ட காலத்துலேர்ந்து இதான் கதை. சஸ்பென்ஸைத் திற!"

திறந்தால், ராஜேஷ்குமார் நாவல் தோற்றது! ஹால்டிங் பில்லில் கன்டெய்னர் நம்பர் எழுதும் வழக்கமே இல்லை. நாலு லாரிக்காரர்களின் பதினொரு பில்கள் அங்கே படுத்துக் கிடந்தன. சாஃப்ட்வேர் மேல் குற்றமில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது.

அன்றே செக் போட்டோம். நம்ம அண்ணன் வண்டி தப்பித்தது. நாலாவது ஆளுக்கு போன் செய்தேன்.

"வண்டி போயி பாஞ்சு நாளாவுது சார்" என்றார். திட்டக்கூட இல்லை.

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் முடியாது என்று சட்டம். நல்லதுதான். ஆனால் வந்தவரை விசாரிக்காமல் மானிட்டரைத் திருப்பிக் காட்டியது எந்த லாகிலும் ஏறாது.

அதன் பிறகு அங்கே இருந்தவரை, சனிக்கிழமைதோறும் சஸ்பென்ஸ் கணக்கைப் பார்த்து முடிக்காமல் ஸ்டேஷனுக்குக் கிளம்பியதில்லை. லோக்கல் போனால் போகட்டும் சார், அடுத்தது வரும்!