பருந்து எண்ணுற மலையும் நம்ம கேஸ் ஷீட்டும்

1/ அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல 'ஹாக் மவுண்டன்'னு ஒரு மலை இருக்கு. தமிழ்ல பருந்து மலைன்னு வச்சுக்கலாம். வருஷா வருஷம் ஆகஸ்ட் 15-ல இருந்து டிசம்பர் 15 வரைக்கும் அதோட உச்சிப் பாறையில உட்கார்ந்து, தெற்கே வலசை போற பருந்துகளை எண்ணுறாங்க. 1934-ல ஆரம்பிச்சது, இன்னும் நடக்குது. "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டருக்கு இதுல என்ன வேலை"ன்னு கேப்பீங்க. வேலை இருக்கு. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ முதல்ல, ஏன் அந்த மலை? அது கிட்டட்டினின்னு ஒரு நீண்ட மலைத்தொடர்ல இருக்கு. வடமேற்குல இருந்து வர்ற காத்து மலைச்சரிவுல மோதி மேல எழும்பும். பருந்துங்க அந்தக் காத்து மேலயே சறுக்கிட்டு, சிறகு அடிக்காமலே மைல் கணக்குல போயிடும். டீசல் மிச்சம் பிடிக்கிற லாரி மாதிரி. அதனால பரந்து கிடக்கிற வானத்துல போக வேண்டிய பறவைங்க, மலையை ஒட்டி ஒரே பாதையில வருது.

3/ செப்டம்பர் நடுவுல 'பிராட்-விங்டு ஹாக்'னு ஒரு சின்னப் பருந்து கூட்டம் கூட்டமா வரும். வெயில்ல தரை சூடாகி மேல எழும்புற வெதுவெதுப்பான காத்துல வட்டமடிச்சு ஏறி, உச்சிக்குப் போனதும் தெற்கு நோக்கிச் சறுக்கும். நல்ல நாள்ல ஆயிரக்கணக்குல வரும். நவம்பர்ல பொன்னாங்கழுகு ஒண்ணு ரெண்டு. ஒரு சீசனுக்கு எல்லா இனமும் சேர்த்து சராசரியா 18,000 வாக்கில்.

4/ எண்ணுற முறை ரொம்ப சாதாரணம். பைனாகுலர், ஒரு கிளிக்கர், ஒரு தாள். மணிக்கு மணி எந்த இனம் எத்தனை, காத்து எந்தப் பக்கம், வெயிலா மேகமா, எத்தனை மணி நேரம் பார்த்தோம், எல்லாம் எழுதணும். ஒரு மணி நேரம் முழுக்கப் பார்த்தும் ஒண்ணுமே வரலைன்னா 0-ன்னு எழுதணும். இந்த 0 முக்கியம். கடைசியில இதுக்குத்தான் வரப்போறேன்.

5/ இந்த மலைக்கு ஒரு கேவலமான முன்கதை உண்டு. அந்தக் காலத்துல பருந்துன்னாலே கோழி திருடன், கொல்ல வேண்டிய ஜந்து. 1929-ல பென்சில்வேனியா அரசே 'காஸ்ஹாக்'கிற ஒரு இனத்தைச் சுட்டுக் கொண்டு வந்தா 5 டாலர் பரிசுன்னு அறிவிச்சது. ஜனங்க ஞாயித்துக்கிழமை பிக்னிக் மாதிரி இந்த மலைக்குப் போய், கண்ணுல பட்ட பருந்தையெல்லாம் சுட்டாங்க.

6/ 1932-ல ரிச்சர்ட் பவ்னு ஒரு இளைஞர் அங்க போய், செத்த பருந்துகளைக் காட்டுத் தரையில வரிசையா அடுக்கிப் போட்டோ எடுத்தார். அந்தப் படங்கள் ரோசலி எட்ஜ்னு ஒரு நியூயார்க் பெண்மணி கைக்குப் போச்சு. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடின அம்மா அவங்க. 1934-ல அந்த மலையில சுமார் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து "இனி இங்க யாரும் சுடக்கூடாது"ன்னுட்டாங்க.

7/ காவலுக்கு மாரிஸ் புரூன்னு ஒருத்தரை வச்சாங்க. அவரும் மனைவி இர்மாவும் வேட்டைக்காரங்களைத் திருப்பி அனுப்பணும், அதுதான் டூட்டி. ஆனா மனுஷன் மலை மேல ஏறி உட்கார்ந்து, சுடப்படாம தப்பிச்சுப் போற பறவைகளை எண்ண ஆரம்பிச்சார். முதல் சீசன்லயே 10,000-க்கு மேல.

8/ இப்ப ஒரு கேள்வி. இதனால என்ன பிரயோஜனம்? 1935-ல அவர்கிட்ட கேட்டிருந்தா உருப்படியா பதில் சொல்லியிருக்க முடியாது. டிடிடி பூச்சியைக் கொல்லும்னு பவுல் முல்லர் கண்டுபிடிச்சதே 1939-ல. அது வயல் வயலா தெளிக்கப்பட்டது இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம். ஆக, நோய் வர்றதுக்கு முன்னாடியே இவர் 'நார்மல்' எதுன்னு குறிச்சு வச்சுட்டார்.

9/ வெண்தலைக் கழுகு தெரியும்ல, அமெரிக்க முத்திரையில இருக்குமே. அதோட குஞ்சுங்களுக்குத் தலை வெள்ளையா இருக்காது, உடம்பு முழுக்கப் பழுப்பு. வெள்ளைத் தலை வர நாலஞ்சு வருஷம் ஆகும். அதனால தூரத்துல பறந்தாலே வயசு சொல்லிடலாம். புரூன் அதையும் தனியா எழுதி வச்சிருந்தார்.

10/ 1935-39-ல அவர் பார்த்த வெண்தலைக் கழுகுகள்ல 40 சதவீதம் இளம் பறவைகள். 1955-59-ல 20 சதவீதம். 1957-ல மட்டும் பார்த்தா, 32 பெரிய கழுகுக்கு ஒரே ஒரு குஞ்சு. பெரிய கழுகுங்க பறந்துட்டுதான் இருக்கு, வானத்தைப் பார்த்தா எல்லாம் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா வீட்ல குழந்தை இல்ல.

11/ ரேச்சல் கார்சன் 1962-ல எழுதின 'சைலண்ட் ஸ்பிரிங்' புத்தகத்துல இந்தக் கணக்கை ஆதாரமா எடுத்து வச்சாங்க. பின்னாடி காரணமும் தெளிவாச்சு. டிடிடி உடம்புல டிடிஇ-ன்னு மாறி, முட்டை ஓட்டுல கால்சியம் படியறதைக் கெடுக்குது. ஓடு மெலிஞ்சு, அடைகாக்கிற தாயோட எடைக்கே உடையுது. 1972-ல அமெரிக்கா டிடிடி-யோட பெரும்பாலான உபயோகத்தை நிறுத்துச்சு. அலாஸ்கா நீங்கலா 1963-ல 500 ஜோடிக்கும் கீழ போயிருந்த கழுகு, 2007-ல 9,000 ஜோடிக்கு மேல வந்து, அபாயப் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க.

12/ "டிடிடி மலேரியாவுல இருந்து கோடிக்கணக்கான உயிரைக் காப்பாத்துச்சே டாக்டர்"னு ரிப்ளை வரும். உண்மைதான், மறுக்கல. வீட்டுச் சுவர்ல அளவா அடிக்கிறது வேற, வயல் வயலா கொட்டுறது வேற. மருந்தும் அப்படித்தானே, டோஸும் இடமும் தப்பினா விஷம்.

13/ நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். டைக்ளோஃபெனாக். இடுப்பு வலின்னு வந்தா "டைக்ளோ ஊசி போடுங்க சார்"னு நீங்களே கேக்குறீங்களே, அதேதான். மாட்டுக்கும் போட்டாங்க. ஊசி போட்டு ரெண்டு மூணு நாள்ல செத்த மாட்டைத் தின்ன பாறு கழுகுக்குக் கிட்னி ஃபெயிலியர். உள்ளுறுப்பு எல்லாம் யூரிக் ஆசிட் வெள்ளையா படிஞ்சு சாகும்.

14/ 1990-கள்ல பரத்பூர் சரணாலயத்துல கூடுகளை எண்ணிட்டு இருந்த விபு பிரகாஷ், எண்ணிக்கை சரியுறதைக் கவனிச்சார். 2004-ல பாகிஸ்தான்ல நடந்த ஆய்வு காரணத்தைக் கண்டுபிடிச்சது. 2006-ல மாட்டு வைத்தியத்துக்கு இந்தியா தடை போட்டது. 2015-ல, மனுஷங்களுக்கான பெரிய குப்பியும் மாட்டுக்குப் போகுதுன்னு அதையும் நிறுத்தி, ஒரு டோஸ் அளவுதான் விக்கணும்னாங்க.

15/ வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் நடுவுல 99.9 சதவீதம் குறைஞ்சிருச்சு. இந்த 99.9-ஐ எப்படிச் சொல்ல முடிஞ்சது? தொண்ணூறுகளோட ஆரம்பத்துலயே, பாறு சர்வசாதாரணமா இருந்தப்பவே, வண்டியில போய் ரோட்டோரமா எண்ணி வச்சிருந்தாங்க. அதே ரோட்டுல திரும்பப் போய் எண்ணினாங்க. முதல் கணக்கு இல்லைன்னா "முன்னெல்லாம் நிறைய இருந்துச்சுப்பா"ன்னு பெரியவங்க சொல்றதோட முடிஞ்சிருக்கும்.

16/ இப்ப என் கதை. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு நைட் டூட்டி. வார்டு நிரம்பி, கீழயும் பாய் போட்டுப் படுத்திருந்தாங்க. நிமோனியாவோட ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும். மணிக்கு ஒரு தடவை பல்ஸ், பிபி, மூச்சு எண்ணிக்கை பார்த்து எழுதணும். ஒரு மணிக்குப் பார்த்தேன். ரெண்டுக்கும் மூணுக்கும் பார்க்கல. நாலு மணிக்கு அந்த ரெண்டு கட்டத்தையும் மேல இருந்த நம்பரையே போட்டு நிரப்பினேன்.

17/ மூச்சு எண்ணிக்கையை நாங்க எப்பவுமே அப்படித்தான் எழுதுவோம். ஒரு நிமிஷம் நெஞ்சைப் பார்த்து எண்ணணும், யாருக்கு நேரம்? உலகத்துல பாதி கேஸ் ஷீட்ல நோயாளிங்க எல்லாரும் நிமிஷத்துக்கு 18 தடவைதான் மூச்சு விடுறாங்க. மெடிக்கல் படிச்சவங்க இதைப் படிச்சுட்டு இப்ப சிரிப்பீங்க. ஏன்னு உங்களுக்கே தெரியும்.

18/ நாலரைக்கு ரவுண்ட்ஸ் வந்த டூட்டி அசிஸ்டண்ட் ப்ரொஃபசர் ஷீட்டைப் பார்த்தார், நேர்கோடு மாதிரி இருந்துச்சு. "ஸ்டேபிள்"னு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். ஸ்டாஃப் அக்கா ஒருத்தங்கதான் "சார், அந்த அம்மா பேச்சு ஒரு மாதிரி இழுக்குது, வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டாங்க. எண்ணினா 38. ஐசியூவுக்கு ஓடினோம். பிழைச்சுட்டாங்க. வீட்டுக்குப் போறப்ப அவங்க மகன் எனக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தான். என்னால அதை வாங்கிக்க முடியல.

19/ அன்னிக்கு நான் அந்த ரெண்டு கட்டத்தையும் காலியா விட்டிருந்தா? ரவுண்ட்ஸ்ல திட்டு விழுந்திருக்கும். "ஏன்டா பார்க்கல"ன்னு கேட்டுட்டு அவரே எண்ணிப் பார்த்திருப்பார். காலிக் கட்டம் "இங்க யாரும் பார்க்கல, வந்து பாருங்க"ன்னு சொல்லும். நான் எழுதின 18 "பார்த்தாச்சு, போகலாம்"னு சொல்லிருச்சு. ஆபத்து அந்த 18-லதான் இருந்துச்சு.

20/ பருந்து மலைக்காரங்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வர்றது இங்கதான். உலகப்போர்ல புரூன் கடற்படைக்குப் போனார். அந்தச் சில வருஷத்துக்கு எண்ணிக்கை கிடையாது. பழைய சராசரியைப் போட்டு யாரும் நிரப்பல. பார்த்து வரலைன்னா 0, பார்க்கலைன்னா வெற்றிடம். ரெண்டும் வேற வேறன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

21/ நம்ம பொது சுகாதாரத் துறையிலயும் இதுக்கு விதி இருக்கு. நோய்க் கண்காணிப்புத் திட்டத்துல, கேஸ் எதுவுமே இல்லைன்னாலும் 'நில் ரிப்போர்ட்' அனுப்பணும். அருமையான விதி. ஆனா நடைமுறை? காய்ச்சல் அதிகம்னு ரிப்போர்ட் பண்ற நர்ஸுக்கு ரிவ்யூ மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் டோஸ். "உங்க ஏரியாவுல மட்டும் ஏம்மா இவ்ளோ?" நில் போட்டவங்களுக்குப் பாராட்டு. அடுத்த மாசம் எல்லாரும் என்ன எழுதுவாங்கன்னு நான் சொல்லணுமா?

22/ "வேலை செய்யவே ஆள் இல்ல, இதுல எண்ணிட்டு வேற உட்காரணுமா"ன்னு கேக்குறவங்க இருக்காங்க. பாதி நியாயம். ஒரே கிராம சுகாதார செவிலியர் ஒரே தகவலை நோட்டுல ஒரு தடவை, ஆப்ல ரெண்டு தடவை ஏத்துற கொடுமையை தினம் பார்க்கிறேன். அதைக் குறைங்க. பத்து விஷயத்தைப் பொய்யா எண்ணுறதை விட மூணை உண்மையா எண்ணலாம். ஆனா எண்ணவே வேண்டாம்னா, அடுத்த டிடிடி, அடுத்த டைக்ளோ வரும்போது நம்ம கையில என்ன இருக்கும்?

23/ இன்னொண்ணு. எண்ணிக்கை எல்லாத்துக்கும் பதில் சொல்லிடாது. அந்த மலையில கெஸ்ட்ரல்ங்கிற சின்ன வல்லூறு குறைஞ்சுட்டே வருது. காரணம் இதுதான்னு இன்னும் முடிவாகல. 'ஷார்ப்-ஷின்டு'ன்னு இன்னொரு பறவை குறைஞ்சப்ப, குளிர் குறைஞ்சதால வடக்குலயே தங்கிடுதோன்னும் யோசிச்சாங்க. காய்ச்சல்னா வியாதி பேர் தெரிஞ்சுடுமா? தேடணும்னு தெரியும், அவ்வளவுதான். ஆனா தெர்மாமீட்டரே வைக்காதவனுக்கு அதுவும் தெரியாது.

24/ அதனால என் கருத்து இதுதான். மேல இருக்கிறவங்களுக்கு: அதிக நம்பரோட வர்றவங்களைத் திட்டாதீங்க, மருந்தும் ஆளும் முதல்ல அவங்களுக்கு அனுப்புங்க. "பார்க்க முடியல"ன்னு எழுத ஃபார்ம்ல ஒரு கட்டம் வைங்க. அந்தக் கட்டத்துக்காக மெமோ கொடுக்காதீங்க. அந்தக் கட்டம் நிரம்புதுன்னா அங்க ஆள் பத்தலைன்னு அர்த்தம்.

25/ பொதுமக்களுக்கு: உங்க ஏரியாவுல "டெங்கு 0"ன்னு பேப்பர்ல வந்தா, "எத்தனை பேருக்கு டெஸ்ட் பண்ணீங்க?"ன்னு ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க. நூறு பேரைப் பார்த்து 0-வா, யாரையுமே பார்க்காம 0-வா? இதைக் கேட்க டாக்டரா இருக்கணும்னு அவசியம் இல்ல.

26/ பறவை பார்க்க ஆசை வந்துச்சுன்னா, பொங்கல் சமயத்துல நம்ம ஊர்லயே 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்குது. குறைஞ்சது 15 நிமிஷம் ஒரு இடத்துல நின்னு பார்த்ததை இ-பேர்டு ஆப்ல போடணும். கடைசியில அது ஒரு கேள்வி கேக்கும்: அடையாளம் தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதினீங்களா? காக்கா, மைனாவையெல்லாம் விட்டுட்டா "இல்ல"ன்னு சொல்லணும். குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போங்க. உண்மையா கணக்கு எழுத நல்ல பழக்கம்.

27/ கடைசியா, இன்னிக்கு நைட் டூட்டி பார்க்கிற தம்பி தங்கச்சிகளுக்கு. மூணு மணிக்குப் பார்க்க முடியலைன்னா அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டு "பார்க்கல"ன்னு எழுதுங்க. திட்டு வாங்கிக்கலாம், நான் நிறைய வாங்கியிருக்கேன், ஒண்ணும் ஆகாது. எழுதிட்டு, எழுந்து போய் அந்த நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணிட்டு வாங்க.